கட்டிங் டேபிளும் பகிர்வு நினைவகமும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, தரவுத்தளச் சேவையகத்துக்காக இயக்க அமைப்பின் பகிர்வு நினைவகத்தை அமைப்பது. தலைப்பை அறிவித்ததும் முன்வரிசையில் இருந்த தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதைக் கவனித்தேன். நியாயம்தான். ஆனால் இந்தத் தலைப்பில் பாதி, நீங்கள் நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் சொல்லித்தரும் அளவைகள் பாடம். கிலோவைக் கிராமாக மாற்றத் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நம் ஊர் பனியன் கம்பெனி இருக்கிறது.

மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் எடுப்பவர்களுக்கு ஒரு குறை தெரிந்திருக்கும். பதினொன்றாம் வகுப்பில் இயக்க அமைப்பு என்ற பாடம் வருகிறது. நினைவக மேலாண்மை, செயல்முறை மேலாண்மை எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தரவுத்தளம், எஸ்க்யூஎல் வருகின்றன. முதல் ஆண்டில் படித்ததும் இரண்டாம் ஆண்டில் படிப்பதும் எங்கேயும் சந்திப்பதில்லை. பிள்ளைகள் இரண்டையும் தனித்தனி மதிப்பெண்ணாக வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த இரண்டு பாடமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம்தான் பகிர்வு நினைவகம். வேலைக்குப் போனதும் நம் பிள்ளைகள் தடுமாறும் இடமும் இதுதான்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். லினக்ஸ் போன்ற இயக்க அமைப்பில் ஓடும் ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி நினைவகப் பரப்பு உண்டு. ஒன்றின் பரப்பை மற்றொன்று எட்டிப் பார்க்க முடியாது. எட்டிப் பார்க்க முயன்றால் கெர்னல் அந்தச் செயல்முறையையே நிறுத்திவிடும். பாதுகாப்புக்கு இது நல்லது. ஒரு நிரல் பழுதானால் பக்கத்து நிரல் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அது. 1996 முதல் போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்ற பெயரில் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்து வருகிறது. ஓடூ என்ற நிறுவன மேலாண்மை மென்பொருள் இதன் மேல்தான் ஓடுகிறது. நம் தமிழ்நாட்டு ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் மென்பொருள்கள் பலவற்றோடும் இது சேர்ந்தே வருகிறது. இந்தத் தரவுத்தளத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிச் செயல்முறையைப் பிறப்பிக்கும். ஆபீஸில் இருபது பேர் ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்து வேலை செய்தால், சர்வரில் குறைந்தது இருபது செயல்முறைகள் ஓடும்.

இருபதும் தனித்தனி அறைகள். ஒன்றின் நினைவகம் மற்றொன்றுக்குத் தெரியாது. ஆனால் இருபது பேரும் பார்ப்பது ஒரே ஆர்டர் பட்டியல், ஒரே பீஸ் ரேட், ஒரே லாட் எண். ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டால் ஒருவர் ரேட்டை மாற்றியது மற்றவருக்குத் தெரியாது. நினைவகமும் இருபது மடங்கு வீணாகும். எனவே எல்லோருக்கும் பொதுவான ஓர் இடம் வேண்டும். கெர்னலிடம் அனுமதி வாங்கி, ஒரே நினைவகத் துண்டை எல்லாச் செயல்முறைகளும் தம் பரப்போடு ஒட்டவைத்துக்கொள்கின்றன. இதற்குத்தான் பகிர்வு நினைவகம் என்று பெயர்.

வகுப்பில் இதை நான் கட்டிங் டேபிளை வைத்துச் சொல்கிறேன். நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பவர் டேபிள் ஓரிடம் என்று துணி ஊர் சுற்றுவதை நம் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் டெலிவரி சலான் போட்டுத்தான் சரக்கு அடுத்த இடத்துக்குப் போகும். செயல்முறைகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வது இந்தச் சலான் முறை போன்றது. ஒழுங்கான முறைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்க வேண்டும். கட்டிங் டேபிளில் அப்படியில்லை. துணியை ஒரு தடவை விரித்துவிட்டால், சுற்றி நிற்கும் எல்லோருக்கும் அதே துணி கைக்கு எட்டும். ஏற்றி இறக்கும் வேலையே கிடையாது.

ஏழாம் வகுப்பு முடித்த பையன்கூட அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவான்: "எல்லோரும் ஒரே துணியில் கை வைத்தால் விரலை வெட்டிக்காதுங்களா மிஸ்?" வெட்டிக்கொள்ளும். அதனால் பகிர்வு நினைவகத்துடன் பூட்டுகளும் செமஃபோர்களும் சேர்ந்தே வருகின்றன. ஒருவர் ஒரு பகுதியை மாற்றும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. டேபிளில் வெட்டிய துணி திரும்ப ஒட்டாது. நினைவகத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

இனி, அந்த டேபிள் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று முடிவு செய்வது யார்? தரவுத்தளம் கேட்கும், கெர்னல் அனுமதிக்கும். கெர்னல் எவ்வளவு வரை அனுமதிக்கும் என்பதை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன. யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் பதிப்பு 1983-இல் வெளிவந்த காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. கட்டளைகளையும் பெயர்களையும் நான் ஒலிபெயர்த்துச் சொல்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் வேண்டும். முதல் எண் ஷம்மேக்ஸ். ஒரு தனித் துண்டு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதைச் சொல்வது அது. இரண்டாவது ஷம்ஆல். கணினியில் உள்ள எல்லாத் துண்டுகளும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது. மூன்றாவது ஷம்எம்என்ஐ. மொத்தம் எத்தனை துண்டுகள் என்பது. மூன்றாவதன் இயல்பு மதிப்பு 4096. அதைத் தொட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

கவனிக்க வேண்டியது இங்கேதான். ஷம்மேக்ஸை பைட்டில் சொல்ல வேண்டும். ஷம்ஆலைப் பக்கத்தில் சொல்ல வேண்டும். பக்கம் என்றால் கெர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் அலகு. நம் சாதாரணக் கணினிகளில் அது 4096 பைட். ஒரே கோப்பில் அடுத்தடுத்த இரண்டு வரிகள். ஒன்று பைட், மற்றொன்று பக்கம். எண்ணுக்குப் பின்னால் அலகு எதுவும் எழுதியிருக்காது.

திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. பின்னலாடைத் துணியைக் கிலோவில்தான் வாங்குகிறோம், மீட்டரில் அல்ல. அதே துணி வெட்டித் தைத்து வெளியே வரும்போது பீஸ் கணக்கு, டஜன் கணக்கு. "குடோனில் 500 இருக்குது" என்று ஒருவர் சொன்னால், கிலோவா பீஸா என்று கேட்காமல் யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். ஷம்மேக்ஸும் ஷம்ஆலும் அப்படித்தான். 2 ஜிபி என்பதை ஷம்மேக்ஸில் 2147483648 என்று எழுத வேண்டும். ஷம்ஆலில் அதை 4096-ஆல் வகுத்து 524288 என்று எழுத வேண்டும். இடம் மாற்றி, ஷம்மேக்ஸில் 524288 என்று எழுதினால் 2 ஜிபிக்குப் பதிலாக வெறும் 512 கேபிதான் அனுமதிக்கப்படும். தரவுத்தளம் எழுந்திருக்காது.

கணித ஆசிரியர்கள் இங்கே ஒரு நல்ல பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். பழைய லினக்ஸ் கெர்னலில் ஷம்மேக்ஸின் இயல்பு மதிப்பு 33554432. இது என்ன எண் என்று எட்டாம் வகுப்பில் கேளுங்கள். இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 25 முறையில் ஒன்று வரும். 2-இன் 25-ஆம் அடுக்கு; அதாவது 32 எம்பி. அதை 4096-ஆல், அதாவது 2-இன் 12-ஆம் அடுக்கால் வகுத்தால் 2-இன் 13-ஆம் அடுக்கு, 8192 பக்கம். அடுக்குக்குறி விதியைக் கரும்பலகையில் சொல்லும்போது பிள்ளைகள் "இது எதுக்குங்க மிஸ்?" என்று கேட்பார்கள். இதோ, இதற்கு.

கொஞ்சம் பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டு. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, பட்டப்படிப்பு முடித்து ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவில் சேர்ந்திருந்தாள். அங்கே இருந்தது உபுண்டு 12.04, அதனுடன் வந்த போஸ்ட்கிரஸ் 9.1. சம்பளக் கணக்கு, பீஸ் கணக்கு, சலான் எல்லாம் அதில்தான். சர்வர் மெதுவாக இருக்கிறது என்று நிர்வாகம் ரேமை 8 ஜிபியாகக் கூட்டியது. கூட்டியும் வித்தியாசம் தெரியவில்லை. ஏன் என்று அவள் தேடிப் பார்த்திருக்கிறாள். தரவுத்தளத்தின் அமைப்புக் கோப்பில் பகிர்வு இடையகத்தின் அளவு, அதாவது ஷேர்டு பஃபர்ஸ், வெறும் 24 எம்பி. கெர்னலின் 32 எம்பி வரம்புக்குள் அடங்க வேண்டும் என்று நிறுவும்போதே தானாக வைத்துக்கொண்ட அளவு. குடோனைப் பெரிதாகக் கட்டியாயிற்று. டேபிள் பழைய டேபிள்தான். காரணத்தைச் சரியாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆனால் அவள் மாற்றியது ஒரு சனிக்கிழமை காலை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரச் சம்பளம். செக்கிங், கைமடிப்பு, பிசிர் வெட்டும் பெண்கள் முதல் கட்டிங் மாஸ்டர் வரை மாலையில் கவருக்குக் காத்திருப்பார்கள். அதை நம்பி மளிகைக்கடைப் பாக்கி இருக்கும், வாடகை இருக்கும். பல நம் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டு அடுப்பு அந்தக் கவரில்தான் எரிகிறது. அவள் 24 எம்பியை 2 ஜிபி என்று மாற்றி, சர்வரை மறுதொடக்கம் செய்தாள். எழவில்லை. ஷம்மேக்ஸ் என்ற சொல்லைத் தேடிப் பிடித்து அதையும் 2147483648 என்று மாற்றினாள். அப்போதும் எழவில்லை. பகல் 12 மணிக்கு எனக்கு அழைப்பு. "மிஸ், ரெண்டு ஜிபி கேக்குது, ரெண்டு ஜிபி குடுத்திருக்கறனுங்க. அப்பவும் ஏற மாட்டேங்குதுங்க."

நான் முதலில் கேட்டது பழைய கோப்பின் நகல் இருக்கிறதா என்றுதான். இருந்தது. மாற்றுவதற்கு முன் நகல் எடுத்து வைத்திருந்தாள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவளுக்கு நூற்றுக்கு நூறு போடலாம். "அதை அப்படியே திருப்பி வை. மெதுவா ஓடினாலும் ஓடட்டும். சம்பளம் போடுங்க. மீதியை ஆபீஸ் காலியானதும் பார்க்கலாம்" என்றேன். சம்பளம் போட்டார்கள்.

இரவு ஏழு மணிக்கு மேல் மறுபடி பேசினோம். இப்போது பிழைச் செய்தியின் முதல் வரியோடு நிறுத்தாமல் முழுவதையும் வாசிக்கச் சொன்னேன். முதல் வரி, தவறான மதிப்பு தரப்பட்டது என்ற பொருளில் வரும் பொதுவான செய்தி. அதற்குக் கீழே விவரம் என்று ஒரு வரி உண்டு. தரவுத்தளம் கெர்னலிடம் எத்தனை பைட் கேட்டது என்ற எண் அதில் அப்படியே இருக்கும். அவள் வாசித்த எண், 2147483648-ஐவிடப் பெரியது. ஷேர்டு பஃபர்ஸ் 2 ஜிபி என்றால், அது தரவுப் பக்கங்களுக்கு மட்டும். பூட்டுகளின் அட்டவணை, பரிவர்த்தனைப் பதிவுக்கான இடையகம், இணைப்புகளைப் பற்றிய குறிப்புகள் என்று மற்றவற்றுக்கும் அதே துண்டில்தான் இடம் வேண்டும். எல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறது.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "உங்க கட்டிங் மாஸ்டர் ஆயிரம் பீஸுக்கு, ஆயிரம் பீஸோட எடைக்குச் சரியாவா துணி கேப்பாரு?" எதிர்முனையில் சிரித்துவிட்டாள். கட்டிங் வேஸ்டேஜ் சேர்க்காமல் துணி கேட்கும் மாஸ்டர் திருப்பூரில் இல்லை. ஷம்மேக்ஸை 3 ஜிபி, அதாவது 3221225472 என்று வைத்தாள். சர்வர் எழுந்தது. ஷம்ஆலைத் தொட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கெர்னலில் அதன் இயல்பு மதிப்பு 2097152 பக்கம்; 4096-ஆல் பெருக்கிப் பாருங்கள், 8 ஜிபி. தேவைக்கு மேல் இருக்கிறது. தேவையில்லாத எண்ணைத் தொடாமல் இருப்பதும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவுதான்.

அதே அழைப்பில் இன்னொன்றையும் செய்தாள். சிஸ்சிடிஎல் என்ற கட்டளையால் மாற்றும் மதிப்பு, கணினி ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திங்கள் காலை போட்டால் பழைய 32 எம்பி திரும்பி வந்துவிடும். சர்வர் மறுபடி முரண்டு பிடிக்கும். எனவே அதே மதிப்பை சிஸ்சிடிஎல் டாட் கான்ஃப் என்ற கோப்பிலும் எழுத வேண்டும். எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

பிழைச் செய்திகளைப் பற்றி ஒரு சொல். நம் பிள்ளைகள் ஆங்கிலச் செய்தியைக் கண்டால் பயந்து மூடிவிடுகிறார்கள். ஷம்ஆல் வரம்பைத் தாண்டினால் லினக்ஸ் தரும் செய்தி, சாதனத்தில் இடமில்லை என்ற பொருளில் இருக்கும். அதைப் பார்த்தவர்கள் வன்தட்டு நிரம்பிவிட்டது என்று நினைத்துக் கோப்புகளை அழிக்கத் தொடங்குவார்கள். போஸ்ட்கிரஸை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்து, இது வன்தட்டில் இடமில்லை என்று பொருள்படாது என்று அடுத்த வரியிலேயே குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். குறிப்பு வரை படிப்பவருக்குக் கோப்புகள் தப்பும். ஆங்கில ஆசிரியர்கள் வாசித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சிக்கு இத்தகைய செய்தி ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். எந்த வரி நடந்ததைச் சொல்கிறது, எந்த வரி காரணத்தை ஊகிக்கிறது, எந்த வரி வழி சொல்கிறது? கதைப்பகுதியைவிட அவர்கள் இதை ஆர்வமாகப் படிப்பார்கள் என்பது என் அனுபவம்.

சரி, டேபிளை எவ்வளவு பெரிதாகப் போடலாம்? ரேம் முழுவதையும் கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். கட்டிங் ஹாலில் டேபிளே முழு இடத்தையும் அடைத்துக்கொண்டால் ஆள் எங்கே நிற்பது? தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய, 1 ஜிபி அல்லது அதற்கு மேல் ரேம் உள்ள சர்வரில், ரேமில் 25 விழுக்காட்டிலிருந்து தொடங்கலாம் என்று போஸ்ட்கிரஸின் ஆவணம் சொல்கிறது. 40 விழுக்காட்டுக்கு மேல் கொடுப்பதால் கூடுதல் பயன் கிடைப்பது அரிது என்றும் சொல்கிறது. ஏனென்றால் கோப்பிலிருந்து படித்தவற்றை இயக்க அமைப்பும் தன் பங்குக்கு ரேமில் வைத்துக்கொள்கிறது; போஸ்ட்கிரஸ் அதையும் நம்பித்தான் ஓடுகிறது. 8 ஜிபியில் கால் பங்கு 2 ஜிபி. அந்தப் பெண் தேர்ந்தெடுத்த எண் தற்செயலானது இல்லை.

பகிர்வு நினைவகத்துக்கு வெளியே ஒவ்வொரு செயல்முறைக்கும் சொந்தச் செலவு இருக்கிறது. ஒரு பட்டியலை வரிசைப்படுத்த ஆளுக்குக் கொஞ்சம் தனி நினைவகம் எடுத்துக்கொள்ளும். ஒர்க் மெம் என்ற அந்த அளவின் இன்றைய இயல்பு மதிப்பு 4 எம்பி. யாரோ சொன்னார்கள் என்று அதை 64 எம்பி ஆக்கினால், 100 இணைப்புகள் ஆளுக்கு ஒரு வரிசைப்படுத்தல் செய்தாலே 6400 எம்பி. பகிர்வு நினைவகத்தின் 2 ஜிபியையும் அதோடு கூட்டினால் 8 ஜிபி கணினி மூச்சு முட்டும். நினைவகம் அடியோடு தீர்ந்துபோனால் கெர்னல் ஏதாவது ஒரு செயல்முறையைத் தானே கொன்றுவிடும். அது தரவுத்தளமாகவே இருந்துவிடவும் கூடும். பெருக்கல் கணக்குதான், ஆனால் எதை எதனால் பெருக்குவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இன்றைய நிலையையும் சொல்லியாக வேண்டும். 2013-இல் வந்த போஸ்ட்கிரஸ் 9.3, பகிர்வு நினைவகத்தின் பெரும்பகுதியை எம்மேப் என்ற வேறு வழியில் கேட்கத் தொடங்கியது. பழைய சிஸ்டம் ஃபைவ் வழியில் அது இப்போது எடுப்பது சில பைட் மட்டும்; ஒரே தரவுக் கோப்புறையில் இரண்டு சர்வர்கள் ஓடிவிடாமல் காவல் காக்க. 2014-இல் வந்த லினக்ஸ் 3.16, ஷம்மேக்ஸின் இயல்பு மதிப்பையே பிரம்மாண்டமாக உயர்த்திவிட்டது. அதாவது இன்று புதிதாக நிறுவும் சர்வரில் ஷம்மேக்ஸைத் தொடவே வேண்டாம். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுக்கு முந்தைய குறிப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புதிய சர்வரில் அந்தப் பழைய வரியை எழுதுகிறவர், இருக்கும் வரம்பைத் தன் கையாலேயே குறைத்துவிடுகிறார். கூட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு குறைக்கிறார்! எந்தக் குறிப்பானாலும் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முதலில் கேட்கப் பழக்குவோம். பத்தாண்டுப் பழைய கோல்டன் கைடை வைத்துப் புதிய பாடத்திட்டத் தேர்வுக்குப் படிக்கும் மாணவரை நாம் விடுவோமா?

இதை உங்கள் பள்ளி உபுண்டு கணினியிலேயே பார்க்கலாம். ப்ராக் என்ற கோப்புறைக்குள் சிஸ், அதற்குள் கெர்னல், அதற்குள் ஷம்மேக்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் 18446744073692774399 என்று 20 இலக்க எண் வரும். இதை வாசிக்கச் சொல்லி ஐந்தாம் வகுப்பில் போட்டியே வைக்கலாம், ஏறத்தாழ 1.84 லட்சம் கோடி கோடி. "நம்ம கம்ப்யூட்டர்ல இவ்வளவு மெமரி இருக்குதுங்களா?" என்று பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். இல்லை. இது உச்சவரம்பு. லாரியின் பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் எடைக்கும் இன்று ஏற்றியிருக்கும் சரக்குக்கும் உள்ள வேறுபாடு. இருப்பைப் பார்க்க ஃப்ரீ என்ற கட்டளை இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள்.

"நம் பாடநூலில் மைஎஸ்க்யூஎல்தானே இருக்கிறது, அதற்கும் இதெல்லாம் வேண்டுமா?" என்று கணினிப் பயன்பாடுகள் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் இடைவேளையில் கேட்டார். நல்ல கேள்வி. மைஎஸ்க்யூஎல் ஒரே செயல்முறைக்குள் பல இழைகளாக ஓடுகிறது. ஒரே அறை, பல ஆட்கள். அறைக்குள் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் கெர்னலிடம் பொது டேபிள் கேட்கும் தேவை இல்லை. ஆனாலும் இடையகத்துக்கு எவ்வளவு ரேம் என்ற கேள்வி அதற்கும் உண்டு. அதன் இன்னோடிபி இடையகத்தின் இயல்பு அளவும் 128 எம்பிதான். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தானுடன் வரும் எஸ்க்யூலைட்டிலோ, பகிர்வு நினைவகத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜர்னல் மோட் என்ற அமைப்பை வால் என்று மாற்றிவிட்டு ஓர் அட்டவணையில் எழுதுங்கள். இணைப்பைத் துண்டிக்காமல் கோப்புறையைத் திறந்தால், தரவுத்தளக் கோப்பின் பக்கத்தில் ஷெம் என்று பெயர் முடியும் ஒரு கோப்பு முளைத்திருக்கும். பல செயல்முறைகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம் அதன் வழியாகத்தான்.

பைத்தான் 3.8 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் இன்னும் எளிது. மல்டிபிராசசிங் தொகுதியில் ஷேர்டு மெமரி என்ற உட்பிரிவு உண்டு. ஒரு சாளரத்தில் 100 பைட் துண்டு ஒன்றை ஒரு பெயரில் உருவாக்கி, ஒரு மாணவர் தன் பெயரை எழுதட்டும். சாளரத்தை மூடாமல் வைத்திருந்து, இன்னொரு சாளரத்தில் அதே பெயரைச் சொல்லி அடுத்த மாணவர் திறக்கட்டும். முதல் மாணவரின் பெயர் அங்கே இருக்கும். கோப்பில் எழுதவில்லை, வலையில் அனுப்பவில்லை. பதினொன்றாம் வகுப்பில் வரைபடமாக மட்டும் பார்த்த செயல்முறை, அப்போதுதான் அவர்களுக்கு ஒரு பொருளாகத் தெரிகிறது. பிறகு இருவரும் ஒரே எண்ணைப் பூட்டு இல்லாமல் லட்சம் முறை ஒவ்வொன்றாகக் கூட்டட்டும். இரண்டு லட்சம் வர வேண்டிய இடத்தில் குறைவாக வரும். விரல் வெட்டுப்பட்டது என்று என் வகுப்பில் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

துணிந்த ஆசிரியர்கள் அந்தச் சனிக்கிழமைச் சிக்கலையே வகுப்பில் நடத்திக் காட்டலாம். பள்ளியின் மெய்யான கணினியில் வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் உபுண்டுவும் போஸ்ட்கிரஸ் 12-க்குப் பிந்தைய பதிப்பும் நிறுவிக்கொள்ளுங்கள். அந்தப் பதிப்பிலிருந்து ஷேர்டு மெமரி டைப் என்று ஓர் அமைப்பு வந்திருக்கிறது. அதை சிஸ்வி என்று வைத்தால் தரவுத்தளம் பழைய வழிக்குத் திரும்பிவிடும். பிறகு ஷம்மேக்ஸைப் பழைய 33554432-க்கு இறக்கி, தரவுத்தளத்தை மறுதொடக்கம் செய்யுங்கள். இயல்பான ஷேர்டு பஃபர்ஸ் 128 எம்பி. வரம்பு 32 எம்பி. எழாது. பதிவுக் கோப்பைத் திறந்து செய்தியை வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் சிலர் சரியாக 134217728 என்று எழுதுவார்கள். 128 எம்பிக்குச் சரியான பைட் கணக்கு. அப்போதும் எழாது. நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். விவர வரியில் இருக்கும் எண்ணையும் தாங்கள் எழுதிய எண்ணையும் ஒப்பிட்டு அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டு பாடவேளை ஆகும். பனியன் கம்பெனியில் விடுமுறை வேலைக்குப் போய்வந்த பிள்ளை ஒன்று, மற்றவர்களுக்கு முன்பே "வேஸ்டேஜ்" என்று சொல்வதை நான் ஒருமுறைக்கு மேல் கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு குழுவும் மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு விவரங்கள் எழுதட்டும்: கெர்னல் பதிப்பு, தரவுத்தளப் பதிப்பு, மொத்த ரேம், மாற்றப்போகும் எண்ணின் பழைய மதிப்பு. பழைய மதிப்புக்குப் பக்கத்தில் பைட்டா பக்கமா என்பதும் இருக்க வேண்டும். அது இல்லாத தாளுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. வகுப்பு முடிந்ததும், ஷேர்டு மெமரி டைப்பைப் பழையபடி எம்மேப் என்று மாற்றிவிட்டு அந்த மெய்நிகர்க் கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும். கட்டளையால் மாற்றிய ஷம்மேக்ஸ் தானாகவே 20 இலக்கத்துக்குத் திரும்பியிருக்கும்; கான்ஃப் கோப்பில் யாராவது வரி எழுதியிருந்தால் அதை மட்டும் தேடி நீக்குங்கள்.